மாலை அடைத்த வழி

பவானி,
கார் சாவி ஆணியில மாட்டியிருக்கேன், மெக்கானிக் வருவாரு, குடுத்துடு. குழம்பு இருக்குது, சுட வச்சிக்க.

முந்தாநேத்து மலையில ஹாரன் தானா அலறினதுக்கு உங்கப்பா ஏத்திவுட்ட ஈர மூட்டை காரணம் இல்ல. ஆயுத பூஜைக்கு நான் காருக்குப் போட்ட மாலைதான். காலையில பானெட்டைத் தொறந்து பாத்தேன், உதிர்ந்த சாமந்தி முன்கண்ணாடிக்குக் கீழ தண்ணி போற வழிய அடைச்சிக்கினு, மழைத்தண்ணி ஃபியூஸ் பெட்டிக்குள்ள எறங்கியிருக்குது. நீ அன்னிக்கே கழட்டச் சொன்ன. சாமி மாலை, தானா உதிரட்டும்னு நான்தான் கத்தினேன்.

நீ அழுவ அழுவ மரவள்ளிக்கிழங்கு மூட்டையை ரோட்டோரம் தள்ளிட்டனே. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வெக்கமா இருக்குது, அதான் எழுதறேன்.

வெள்ளிமலை பஸ்ஸுல உங்கப்பா வீட்டுக்குப் போறேன். மாமாகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்.

இன்னொண்ணு: அவரு மறுபடியும் கிழங்கு குடுத்தாருன்னா, எவ்ளோ ஈரமா இருந்தாலும் மடியில வச்சிக்கினு வரேன்.
சுபாஷ்