மலைப்பூண்டுக்கு ஒரு ஹீலர் தேவை

ஜூன் 11, புதன்

அன்னக்கொடி போகிறாள். திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம், நைட் ஷிப்டு, இனி விளையாட நேரம் இருக்காது. நல்ல செய்திதான். வாழ்த்துச் சொன்னேன்.

இந்த ஆன்லைன் விளையாட்டில் எங்கள் கில்டில், அதாவது எங்கள் குழுவில், பத்தே பேர். மலைப்பூண்டு என்று பெயர் வைத்தது சுப்புராஜ். புதன்தோறும் ரெய்டு, பத்துப் பேரும் சேர்ந்து ஒரு பூதத்தை அடிக்க வேண்டும். ஒன்பது பேராகப் போனால் கோட்டைக் கதவே திறக்காது. அதிலும் போகிறவள் எங்கள் ஹீலர், அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுகிறவள். கதவு திறந்துதான் என்ன செய்ய?

ஜூன் 12

ஆள் தேவை என்று விளம்பரம் போட்டுவிட்டேன். ஆயிரம் பேர் ஆடும் இந்த சர்வரிலேயே முதலில் நெருப்புப் பூதத்தை வீழ்த்தியவர்கள் என்று பெரிதாக எழுதினேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜூன் 17

ஒருவர்கூட வரவில்லை.

ஜூன் 20

ஒருவர் வந்தார். ரெண்டு நாள் சர்வரைச் சுற்றிப் பார்த்தார், போய்விட்டார். ஆட்டம் நல்லாயிருக்கு, ஆளுங்கதான் சரியில்லை என்று ஒரு வரி. எந்த ஆளுங்க? நாங்களா? நாங்கள் அவரிடம் சரியாகப் பேசக்கூட இல்லையே.

ஜூன் 25, புதன்

ரெய்டு இல்லை. சுப்புராஜ் வேறு சர்வருக்கு மாறலாம் என்கிறான், அங்கே ஆள் கொட்டிக் கெடக்காம். எந்த கில்டு ஒன்பது பேரை மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளும்? ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போவோம்.

விடுதி ரிசப்ஷனில் நாள் முழுக்கப் பேசுகிறேன். ரூம் சாவி, வெந்நீர், பில்லர் ராக்ஸுக்கு வழி. ஆனால் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்பது ஹெட்போனில் வரும் இந்த கில்டுக் குரல்கள்தான். காய்ச்சலில் கிடந்தபோது பாச்சலூரிலிருந்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போனவன் இதே சுப்புராஜ். வெறும் விளையாட்டுதானே தேவசேனா என்று பழனியில் அம்மா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 3

சர்வருக்குப் புதிதாக வந்த ஹீலர், கலைமணி என்று ஒரு பெண். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்து ஆபீசில் வேலை. அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். 'வாறேன்', முடியாது என்பதற்கு 'ஏலாது' என்று அந்தப் பேச்சு இன்னும் வாயில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு சின்னக் குகைக்குள் போய்ப் பார்த்தோம். நான் செத்தேன் என்று நினைத்த மூன்று இடத்திலும் எழுப்பி நிறுத்திவிட்டாள். அவள் கையில் பதற்றமே இல்லை, பதற்றமெல்லாம் எனக்குத்தான்.

புதன்கிழமை வரை யாரிடமும் சொல்லப் போவதில்லை. திடீரென்று கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ஜூலை 5, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

கலைமணி பொதுச் சாட்டில் ஹீலர் கோல் எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் கேட்டாள். 'மலையிறங்கு' என்று ஒருத்தன். 'மலையிறங்கு.' 'மலையிறங்கு.' திரை முழுக்க அதுதான்.

நெருப்புப் பூதம் விழுந்தபோது சுப்புராஜ் அதைப் பார்த்து, மலையைவிட்டு ஓடிப்போ என்கிற அர்த்தத்தில் எழுதிய வார்த்தை அது. அன்று எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சர்வரே அதைப் பிடித்துக்கொண்டது. புதிதாக வந்தவர் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணிலேயே படுவதில்லை. கலைமணிக்குச் சொன்னவர்களில் மூன்றாவது பெயர் சுப்புராஜ். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. நான்தான் சொல்லாமல் வைத்திருந்தேனே!

அவள் எனக்கு எழுதியது: "மன்னிச்சுக்கங்க அக்கா. எங்க வீட்டு ஆளுகள ரெண்டு நாட்டுல போ போன்னு சொல்லிட்டாங்க. வெளாட்டுலயும் அதக் கேக்க ஏலாது."

ஜூலை 6

சுப்புராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். விளையாட்டுக்குச் சொன்னது, ஊரே சொல்வதுதானே என்றான். ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்றேன். "இதத் தாங்காதவ ரெய்டுல என்னத்தக்கா தாங்கப் போறா?" என்றான்.

"ஏலே, பூதத்த அவ தாங்குவா. ஒன் வாயத்தான் தாங்க முடியல."

போனை வைத்துவிட்டான். ரொம்பப் பேசிவிட்டேனோ?

ஜூலை 8

சுப்புராஜ் சர்வர் மாறிவிட்டான். கூட இரண்டு பேர். சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. எங்களுக்காக முன்னால் நின்று அடி வாங்குகிற டேங்க் அவன்தான். ஹீலரைத் தேடப் போய் டேங்கையும் தொலைத்தேன். இப்போது ஆறு பேர். அவனிடம் இன்னும் கொஞ்சம் தணிவாகக் கேட்டிருக்கலாமோ?

ஜூலை 9, புதன்

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே நாலு பேர் கத்தினால், விருந்தாளி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். விடுதி எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோசனமில்லை. இது ரிசப்ஷனில் எனக்குத் தெரிந்த விஷயம். இங்கே ஏன் உறைக்கவில்லை?

ரெய்டு நேரத்தில் ஆறு பேரும் விளையாட்டுக்குள் புதியவர்கள் வந்து இறங்கும் வாசலில் நின்றோம். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னோம். எங்களையும் மலையிறங்கு என்றார்கள். இருந்தும் நின்றோம்.

ஜூலை 23, புதன்

மறுபடியும் வாசல். இதனால் என்ன ஆகப்போகிறது? புதியவர் ஒருவர் கேட்டதற்கு நான் டைப் செய்து முடிப்பதற்குள் முகம் தெரியாத ஒருவர் வழி சொல்லிவிட்டார். எங்கள் கில்டு ஆள் இல்லை.

ஆகஸ்ட் 1

கலைமணி! வேறு பெயரில் வந்து அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். நாலு பேர் பதில் சொன்னார்களாம், ஒருவர் தன் பழைய கோலையே கொடுத்துவிட்டாராம். அதனால்தான் வந்தேன் அக்கா என்கிறாள். விளம்பரத்தைப் படித்தாயா என்று கேட்டேன். இல்லையாம்.

வாசலில் பழக்கமான இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். ஒன்பது.

ஆகஸ்ட் 7

சுப்புராஜிடமிருந்து செய்தி. புது சர்வரில் ஒரு கில்டில் இடம் கேட்டிருந்தானாம். கோட்டைக்கு வழி தெரியாமல் சாட்டில் கேட்டிருக்கிறான். "மலையிறங்குன்னுட்டானுங்கக்கா. நம்ம வார்த்த. எனக்கு முந்திப் போனவனுங்க கொண்டுட்டுப் போயிருக்கானுங்க."

அதற்குக் கீழே, இடம் இருக்கா என்று ஒரு வரி.

நான் பதில் போடவில்லை. இது நான் சொல்லவேண்டிய பதில் இல்லை. கலைமணியிடம் கேட்டேன், எல்லாவற்றையும் சொல்லி. மாட்டேன் என்பாளோ? அவள் போய்விட்டால்?

"வரட்டும்க்கா," என்றாள். "ஒரு ஆளப் போன்னு சொல்ல எனக்கு ஏலாது."

ஆகஸ்ட் 11

சுப்புராஜ் கலைமணியிடம் பேசினானாம். என்ன பேசினான் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பத்துப் பேர். கதவு திறந்தது.

பூதத்துக்குப் பாதி உயிர் போயிருந்தது. கலைமணி எல்லோரையும் நிற்க வைத்திருந்தாள். திடீரென்று சுப்புராஜின் கேடயம் இறங்கியது. அடுத்த அடியில் அவன் செத்தான், அதற்கடுத்த அடிகளில் நாங்கள் எல்லோரும்.

என்னலே ஆச்சு என்றேன்.

"ஒரு புள்ள சாட்டுல குதிர எங்க வாங்கன்னு கேட்டுச்சுக்கா. ரொம்ப நேரமா யாருமே சொல்லல. அதான் டைப் பண்ணிட்டேன்."

பத்துப் பேரும் தரையில் கிடந்தோம். யாரும் திட்டவில்லை.

"வாங்கிருச்சா?" என்று கேட்டாள் கலைமணி.