முந்தின நாள் மாலை ஆறரை மணி

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பதினோராவது மண்டபமும் நம் புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் ஈயோட்டிக்கொண்டிருக்கும், அப்போதே ஏற்றிவிடலாம் என்று சொன்னது நான்தான். ஏற்றினோம். யாரிடமிருந்தும் ஒரு முனகல் இல்லை.

சண்முகசுந்தரம் சார் பதினாறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய மண்டப முன்பதிவு புரோகிராமை வைத்துத்தான் இந்தக் கம்பெனியே நடக்கிறது. தி.நகரில் புடவைக் கடைக்கு மேல் மாடி, ஆறு பேர், ஒரே ஒரு ஏசி. அவர் கோடில் ஒரு விளக்கக் குறிப்புகூடக் கிடையாது. ஒன்பது மாதத்தில் அத்தனையையும் புதிய ஃப்ரேம்வொர்க்கில் எழுதிவிட்டேன். கிளவுடில் ஓடுகிறது, போனில் திறக்கிறது, நானூற்றுப் பன்னிரண்டு தானியங்கி டெஸ்ட்டும் பச்சை, எல்லாம் பாஸ். "என் பிள்ளைக்கு மொட்டை அடிச்சு ஆளே தெரியாம பண்ணிட்டியே ஸ்வர்ணா" என்றார் சார், டீ குடிக்கும்போது. பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

லஸ் பக்கத்து மண்டபத்திலிருந்து மேனேஜர் வடிவேலு போன். "இன்னா மேடம் இது? பதிமூணாந்தேதி சாயங்காலம் ரெண்டு பார்ட்டி கீது!"

செப்டம்பர் 14 ஞாயிறு முகூர்த்தத்துக்கு ஒரு குடும்பம் தை மாதமே பதிவு செய்திருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று வந்த இன்னொரு குடும்பம், 13 சனி மாலை ரிசப்ஷனுக்கு மட்டும் ஹால் கேட்டிருக்கிறது. அவர்களுக்கு முகூர்த்தம் மறுநாள் கோயிலில். திரையில் 13 பச்சையாக, காலி என்று இருந்தது, வடிவேலு கொடுத்துவிட்டார். முகூர்த்தக்காரர்களும் முந்தின நாள் மாலை ரிசப்ஷன் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் வைப்பதுதானே. இரண்டு வீட்டிலும் பத்திரிகை அடித்தாயிற்று. இரண்டு வீட்டிலிருந்தும் மேடை அலங்காரத்துக்கு ஒரே ஆளிடம் போயிருக்கிறார்கள், அவர் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டிருக்கிறது.

"பச்சைன்னா குடுக்கலாம்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

சாரின் பழைய புரோகிராமில் ஒவ்வொரு கல்யாணப் பதிவும் முந்தின நாள் 18:30-க்குத் தொடங்கும். மார்ச்சில் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தியாவில் கோடு எழுதுகிற எல்லோருக்கும் அந்த 18:30-ஐத் தெரியும். இங்கே நள்ளிரவு பன்னிரண்டு என்றால், கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும் உலகப் பொது நேரத்தில் முந்தின நாள் மாலை ஆறரை. தேதி குழம்பும்போதெல்லாம் இந்த எண்தான் வந்து நிற்கும். நூறு தடவை பார்த்து நூறு தடவை சரிசெய்திருக்கிறேன். பழைய காலத்து டைம்ஸோன் பிழை, பாவம் சார் என்று நினைத்து, பதிவுகள் அத்தனையையும் ஐந்தரை மணி நேரம் தள்ளி முகூர்த்த நாளில் வைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று டெஸ்ட்டும் எழுதினேன். அது பச்சையாகாமல் என்ன செய்யும்? நான் நினைத்ததைத்தானே அது சோதிக்கும்.

அது பிழையே இல்லை. ரிசப்ஷன் நேரம். மாலை 6.30 மணிக்கு மேல் என்று எல்லாப் பத்திரிகையிலும் இருக்கும். என் பத்திரிகையிலும் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நாலு மணி நேரம் அந்த மேடையில கால் கடுக்க நின்னவதானே நான் — எங்கே போச்சு என் புத்தி?

இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரலில் டெஸ்டர் ஹபீபுர் ரஹ்மான் எழுதிய குறை: "முந்தின நாள் மாலையும் ஹால் அவர்களிடம்தானே இருக்கும்? இங்கே காலி என்று காட்டுகிறது." அதற்கு என் பதில்: "டைம்ஸோன் விஷயம். பிழையல்ல." ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அந்தக் குறையை மூடியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

சார் கேட்டார். "நம்ம பக்கம் ஏதாவது இருக்கா ஸ்வர்ணா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன் சார்" என்றேன். பார்த்து முடித்து ஒரு நாள் ஆகிவிட்டது. அவர் மண்டப உரிமையாளரிடம் போனில், "சாஃப்ட்வேர்ல ஒண்ணுமில்ல, உங்க ஆள்தான் தப்பா ஏத்தியிருப்பார்" என்று சொன்னதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்.

சாயங்காலத்துக்குள் வடிவேலுவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இருபத்திரண்டு வருஷம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

என் வீட்டுக்காரர் மகேஷ் என்ன ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டார். தலைவலி என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நாலே நாலு வரி. திருத்திவிட்டேன். மற்ற மண்டபங்களில் இரட்டைப் பதிவு எதுவும் இல்லை, ஆடி காப்பாற்றியிருக்கிறது. மாற்றத்துக்குப் பெயராக "சிறு திருத்தம்" என்று போட்டேன். ரஹ்மான்தான் சரிபார்க்க வேண்டும். படித்துவிட்டு என் மேசைக்கு வந்தான்.

"சின்னதா அக்கா இது?"

கோபம் வந்தது எனக்கு. அவன்மேல்! என்ன பிறவி நான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வடிவேலு போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "மேடம், நான் எங்க தப்பா அமுக்கிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. ரோசனை பண்ணிக்கினே கீறேன், புரியல. கண்ணு சரியில்லியோன்னு பொண்ணு டாக்டராண்ட கூப்டுது."

அவர் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறார்.

செப்டம்பர் 3, புதன்

சாரிடம் சொல்லிவிட்டேன். கதவை மூடி, நின்றுகொண்டே.

பழைய கோடைத் திறந்து அந்த வரியைத் தேடி எடுத்தார். பிறகு, "ஆறரைன்னு போட்டது நான்தான். எதுக்குன்னு எங்கேயும் எழுதி வைக்கல" என்றார். அதற்கப்புறம் குரல் மாறியது. "திருத்தியாச்சுல்ல? விட்டுடு. வெளியே சொன்னா பதினொரு மண்டபமும் கைவிட்டுப் போகும். இங்க ஆறு குடும்பம் இருக்கு."

அவர் சொல்வதும் பொய்யில்லை. அதுதான் கஷ்டம். நாளைக்கு லஸ் போகிறேன் என்றேன். "நான் வரமாட்டேன்" என்றார். போகாதே என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

உரிமையாளர் முன்னால் சொன்னேன். அவர் என் எதிரிலேயே வடிவேலுவுக்குப் போன் போட்டு நாளைக் காலை வரச் சொன்னார். "ஸாரி" என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

ரிசப்ஷன் வீட்டம்மா சண்முகவடிவும் அங்கே இருந்தார். கோவில்பட்டிக்காரர்கள், தி.நகரில் பாத்திரக்கடை. மகள் சரண்யாவுக்குத்தான் கல்யாணம். ஞாயிறு பெரிய முகூர்த்தம் என்பதால் ஊரில் எந்த மண்டபமும் சனி மாலை காலியில்லை. ஒரே வழி, ரிசப்ஷனைச் சனி மதியத்துக்கு மாற்றுவது. மூன்று மணிக்குள் ஹாலைக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தம்மா கத்தவில்லை. "தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு வீடு வீடாப் போயிக் கூப்பிட்டிருக்கோம். இப்ப நேரத்த மாத்திட்டோம்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? நீங்கதான எழுதுனீக. நீங்களே எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. எங்க வீட்டுத் தப்பு இல்லன்னு ஒவ்வொருத்தருக்கும் தெரியணும்."

சரி என்றேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

செப்டம்பர் 6, சனி

எழுபத்தெட்டு முடிந்தது. "சரண்யா கல்யாண மண்டபத்துக்கு சாஃப்ட்வேர் எழுதினவ பேசறேன், தப்பு என்னுது..." — "லோன் வேணாம்மா" என்று இருபது பேர் வைத்துவிட்டார்கள். திரும்ப அடிக்க வேண்டும்.

ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை. "மாப்பிள்ளை வீட்டுல ஏதும் தகராறா? மறைக்காமச் சொல்லு." சத்தியம் பண்ணாத குறை. பத்து நிமிஷத்தில் சண்முகவடிவு அம்மாவின் போன்: "கல்யாணம் நின்னுபோச்சான்னு எங்கிட்டயே கேக்குதாக!" நான் பேசப் பேச இன்னும் கெடுத்துக்கொண்டிருக்கிறேனோ?

செப்டம்பர் 8, திங்கள்

ரஹ்மான் கேட்காமலே பாதிப் பட்டியலை எடுத்துக்கொண்டான். "மன்னிச்சுடு, ஏப்ரல்லயே நீ சொன்னே" என்றேன். "முதல்ல இதை முடிப்போம்கா" என்றான். முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

முடிந்தது. தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு மண்டபங்கள் நம்மை விட்டு விலகுகின்றன, கடிதம் வந்துவிட்டது. சார் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 13, சனி

மதியம் ஹால் நிறைந்திருந்தது. நிமிர்ந்து எண்ணிப் பார்க்கக்கூடப் பயம். இரண்டே முக்காலுக்கு ஹால் காலி. வடிவேலுவும் நானும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டோம். "கம்ப்யூட்டர் தட்டுற கையா இது?" என்று கிண்டல் செய்தார். நிம்மதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆறு மணியிலிருந்து வாசலில் நின்றேன், பழைய நேரத்துக்கு யாராவது வந்தால் சொல்ல. நாலு பேர் வந்தார்கள், புரிந்துகொண்டு போனார்கள். ஏழரைக்கு ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, கையில் பத்திரிகை, ஒரு பெரிய பை. உள்ளே பலகையில் வேறு பெயர்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். சரண்யாவின் தாய்மாமன். கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "மத்தவுகளுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னீகளா?"

"பண்ணினோம் சார்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் இல்ல." பையைக் கீழே வைத்தார். "ஆறு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. பத்திரிக வந்துச்சேன்னு வந்தேன்."

பட்டியலில் அவர் பெயர் இருந்தது, நம்பர் இல்லை. போன வாரம் சண்முகவடிவு அம்மாவிடம் கேட்டேன். "எங்க அண்ணன். பத்திரிக அனுப்புனதே ஊருக்காக. அவுகளுக்கு வேணாம், விடுங்க" என்றார். விட்டேன்.

பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தங்கச்சி நம்பர் குடுத்தாங்க சார்" என்றேன். "நான்தான் விட்டுட்டேன். முந்நூறு பேர்ல உங்களை மட்டும் தவற விட்டுட்டேன். என் தப்பு."

"நெசமாவா?"

"நெசமா."

ஆட்டோ பிடித்து, சரண்யா வீட்டு விலாசத்தை டிரைவரிடம் சொல்லி ஏற்றிவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதியம் சண்முகவடிவு அம்மா போன். கோயிலில் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்ததாம்.

"மாமன் மாலை எங்க அண்ணன்தான் போட்டாக" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க அண்ணன் நம்பர நான் குடுத்தும் நீங்க விட்டுட்டீகளாமே?"

"ஆமாம்மா. என் தப்புதான்."

"சரி. பந்தி இன்னும் முடியல. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்து சாப்பிட்டுப் போங்க."