பரணில் இருந்த காலண்டர் பெட்டிகள்

சிவகாசி
ஆனி 22, ஞாயிறு

தங்கை செல்வலட்சுமிக்கு,

அண்ணன் அய்யாதுரை எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பாய். இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளை பாண்டிச்செல்வமும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதினொரு வருஷம் கழித்து எழுதுகிறேன் என்றால் அது பாசத்தால் அல்ல. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என் வீட்டுச் சாமான்களைக் காலி செய்யச் சொல்லி உன் அண்ணி பொன்னுத்தங்கத்துக்குச் சொல்லிக்கொடுப்பது நீதானே?

என் மகள் பிரீத்திகாவுக்குச் சாத்தூரில் வரன் அமைந்திருக்கிறது. ஆவணியில் நிச்சயம், நம் வீட்டில்தான். அந்தப் பேச்சு முடிந்த மறுநாளே பொன்னுத்தங்கம் ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு அலமாரி. உள்ளே இருப்பதையெல்லாம் தரையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரிக்கிறாள். வீட்டுக்கு வேண்டியது ஒன்று, யாருக்காவது கொடுப்பது ஒன்று, பழைய பேப்பர் எடுக்கும் சங்கிலிமுத்துவுக்குப் போடுவது ஒன்று. என் பி.எட். நோட்டுகள் மூன்றாவது குவியலில் கிடந்தன. கேட்டால், "ஒரு தீபாவளிக்கும் மறு தீபாவளிக்கும் நடுவுல கை படாத சாமான் வீட்டுக்கு ஆகாதுங்க" என்கிறாள். இது அவள் பேச்சு அல்ல, உன் பேச்சு. சின்ன வயதில் என் கோலிக்குண்டு டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு இதையேதான் நீ சொன்னாய். நான் மறக்கவில்லை.

அந்த நோட்டுகளை நான் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உன் கல்யாணத்துக்கு ஊர் ஊராக நடந்த அப்பா, என் வாத்தியார் வேலைக்காக ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு அத்தாட்சியாக அவையாவது இருக்கட்டும்.

போன வாரம் அடுக்களை டிராயரைச் சுத்தம் செய்கிறேன் என்று அவள் கொட்டியபோது ஒரு கட்டு கூரியர் சீட்டு விழுந்தது. வருஷம் தவறாமல் மார்கழிக்கு ஒன்று. எல்லாவற்றிலும் உன் பெயர். இந்த விலாசமே அதிலிருந்து எடுத்ததுதான். என்ன அனுப்புகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். ஆனால் எனக்குத் தெரியாமல் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்கள் என்பது மட்டும் உறுதி.

அவள் எடுத்து அடுக்குவது போலத் தெரியவில்லை. துழாவுகிறாள். எதை என்று உனக்கும் தெரியும்.

அம்மாவின் வெள்ளிக் காமாட்சி விளக்கு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ ஊருக்குக் கிளம்பியபோது, சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க, நடுக்கூடத்தில் உன் பையைக் கொட்டச் சொன்னேன். அம்மாவின் பழைய ரவிக்கை ஒன்றும், அவள் சாப்பிட்டு மீந்த மாத்திரை அட்டையும்தான் விழுந்தன. விளக்கு இல்லை. அதனால் நீ எடுக்கவில்லை என்று ஆகிவிடாது என்று அப்போதே சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். மாப்பிள்ளை இரண்டு நாள் முன்னதாகவே ஒரு அட்டைப்பெட்டியோடு பஸ் ஏறினார். அதில் என்ன என்று கேட்டதற்கு, "ஏன் மச்சான், பெட்டியத் தொறக்கவும் ராகுகாலம் பாக்கணுமோ?" என்று என் தொழிலைச் சொல்லிச் சிரித்தார்.

ஆமாம், என் தொழில் அதுதான். காலண்டர் கம்பெனியில் இருபத்தேழு வருஷமாகப் பிழை திருத்துகிறேன். தாளில் பிழை இருக்கிறது என்று நம்பிப் படித்தால்தான் அது கண்ணில் படும். மனிதர்களிடமும் எனக்கு அதே பழக்கம். அது பெரும்பாலும் தப்பியதில்லை.

இனி பாக்கி பரண்தான். அங்கே இருப்பவை என்னுடைய சாம்பிள் காலண்டர்கள். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் கம்பெனியில் தருவார்கள். எல்லாம் சாமி படங்கள். குப்பையில் எப்படிப் போடுவது? அதனால் வருஷத்துக்கு ஒரு பெட்டியாக, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன். "சாமியெல்லாம் அட்டப்பெட்டிக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்காக. எறக்கி விட்டா நமக்குப் புண்ணியமாப் போகும்" என்கிறாள் பொன்னுத்தங்கம். அவளை ஏற விடமாட்டேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டு நானே ஏறப்போகிறேன். அதற்குப் பிறகு தேட இடம் இருக்காது. அப்போது நீங்கள் இரண்டு பேரும் என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

ஆனி 25, புதன்

மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்தேன். தபாலில் போடவில்லை.

நேற்றுப் பரணில் ஏறினேன். போன வருஷத்துப் பெட்டியில் தொடங்கி ஒவ்வொன்றாக இறக்கினேன். கீழே பொன்னுத்தங்கம் வாங்கிக்கொண்டாள். பதினொரு பெட்டிகளை எடுத்த பிறகு, அவற்றுக்கு அடியில், அதற்கும் முந்தைய வருஷப் பெட்டிகளின் மேல், சின்னதாக ஒரு பெட்டி. அதற்குள் தாளில் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பொருள். கையில் எடுத்ததுமே எடை சொல்லிவிட்டது. விளக்குதான்.

முதலில் பொன்னுத்தங்கம்மேல் சந்தேகப்பட்டேன். ஆனால் பெட்டியின் மேல் விரல் கனத்துக்குத் தூசி. அப்புறம் உன்மேல். மூன்று வருஷத்துக்கு முன்னால் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வந்தபோது நீ நம் தெருமுனை வரை வந்து போனதாகப் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி சொல்லியிருந்தாள். அன்றைக்குக் கொண்டுவந்து வைத்திருப்பாயோ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பொன்னுத்தங்கம் இடுப்பில் கை வைத்து நின்றாள். "தெருமுனையில நின்னு வீட்டப் பாத்து அழுதுட்டுப் போனாக உங்க தங்கச்சி. பரணுல ஏறி, பெட்டியெல்லாம் எறக்கி, அடியில வச்சுட்டுத் திரும்ப அடுக்கிட்டா போனாக? புத்திய எங்க வச்சிருக்கீக நீங்க?" என்றாள்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். அது கம்பெனியில் பார்சலுக்கு நான் போடும் முடிச்சு. சுற்றியிருந்தது 2015 ஜனவரி மாதக் காலண்டர் தாள்களின் ப்ரூஃப், பிழை திருத்துவதற்காக அச்சடித்துத் தருபவை. அம்மா படுக்கையில் இருந்த அந்த 2014 ஆனி மாதம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காக நான் வீட்டுக்கு எடுத்து வந்தவை. ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ராகுகாலம் தப்பாக இருந்ததைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தது. என் கையெழுத்து. வேறு யாராவது என்னைப் போல எழுதியிருக்கலாமோ என்று வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். இல்லை.

அம்மா போன அன்று சாமி அலமாரியைத் துணி போட்டு மூடச் சொன்னார்கள். விளக்கை எடுத்து, கைக்கு அகப்பட்ட தாளில் சுற்றியது இப்போது நினைவு வருகிறது. பரணில் ஏறியதுதான் வரவில்லை. அடுத்த மாதம் ஆடிப் பதினெட்டு. அந்த வருஷத்துப் பெட்டியை அதன்மேல் வைத்ததும் நான்தான்.

பொன்னுத்தங்கம் திருநீறு போட்டு விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நானாகத்தான் கூரியர் சீட்டைப் பற்றிக் கேட்டேன். "ஒரு கிலோ சேவு, ஒரு காலண்டரு. வேறென்ன? அண்ணன் பாத்த காலண்டர் சுவத்துல ஏறாம எங்க வீட்டுல வருசம் பெறக்காதுன்னு அவுகதான் கேப்பாக" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் ப்ரூஃபில் தப்பை அழிக்கக் கூடாது. தப்பு தெரியும்படி விட்டு, பக்கத்தில்தான் திருத்த வேண்டும். அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

சாமி படங்களைப் பொன்னுத்தங்கம் தனியாகப் பிரித்துக் கட்டி வைத்திருக்கிறாள். மீதி காகிதமும் என் நோட்டுகளும் இன்று காலை சங்கிலிமுத்துவின் வண்டியில் போய்விட்டன. பீரோவையும் பழைய கட்டிலையும் எடுத்த பிறகு கூடம் பெரிதாகத் தெரிகிறது. நீ பையைக் கொட்டிய இடமும் தெரிகிறது. அந்தப் பக்கமாக நடக்க எனக்குக் கால் வரவில்லை.

நிச்சயம் ஆவணி இரண்டாவது முகூர்த்தத்தில். தேதியை நானே மூன்று தடவை பார்த்துவிட்டேன், பிழை இல்லை. "அத்த வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்று பிரீத்திகா சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையையும் அழைத்து வா. ராகுகாலம் என்று அவர் என்ன கேலி பேசினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் அழைக்கப்போகிறேன். ஒருவரையும் விடமாட்டேன். நீ ஊருக்குக் கிளம்பும்போது, அவர்கள் பார்க்க, அதே இடத்தில் நின்று உன் பையில் அந்த விளக்கை நான் வைக்க வேண்டும். அதற்காகவாவது வா.

இருக்கன்குடியாள் உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். விளக்கு சின்னதுதான். இருந்தாலும் பெரிய பையாகக் கொண்டு வாம்மா.

உன் அண்ணன்,
அய்யாதுரை