மஞ்சள் சீட்டு ஒட்டிய பெட்டி

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மேலப்பாளையத்திலிருந்து ஆஸ்பத்திரி வர முக்கால் மணி நேரம். செருப்பு அறுந்தாச்சு.

நாளைக்கு அயோடின் பார்சல். கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி நான்தானே, செய்ய வேண்டியது:
– கதிர்வீச்சு அளக்கிற மீட்டருக்கு பேட்டரி
– கையுறை (ஒரு டப்பாதான் மிச்சம்)
– அயோடின் ரூம் தரைக்கு பிளாஸ்டிக் விரிப்பு
– உம்மாவுக்கு முட்டுவலித் தைலம்

பார்சலில் வருகிற அயோடின் மாத்திரை சண்முகத்தாய்க்கு. கொற்கைப் பக்கம், வாழைத்தோட்ட வேலை. தைராய்டில் கேன்சர், ஆபரேஷன் முடிந்தது. மிச்சமீதியை இந்தக் கதிரியக்க மாத்திரைதான் எரிக்கணும். அதுக்காக வழக்கமான தைராய்டு மாத்திரையை நிறுத்தி நாலு வாரம். முகம் வீங்கி, குரல் கட்டி, ரெண்டு போர்வைக்குள்ளே நடுக்கம். "நாளைக்கு வந்துரும்லா மேடம்? இதுக்கு மேல ஒடம்பு தாங்காது." வந்துரும்னேன். நான் என்னத்தைக் கண்டேன்.

கொண்டுவருவது செல்லத்துரை அண்ணாச்சி, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து. அறுபதைத் தாண்டி ஓட்ட மாட்டார். டீ குடிக்கக்கூட வண்டியை விட்டு நகர மாட்டார். கையெழுத்துக்கு முன்னால் பெட்டி நம்பரை நான் சத்தமாக வாசிக்கணும். ஒவ்வொரு தடவையும். வேற டிரைவரை அனுப்பச் சொல்லி போன மாசம் ஒரு மெயில் எழுதினேன். இன்னும் அனுப்பவில்லை.

நவம்பர் 12, புதன்

கா. 10.20. போன்.

"மேடம், செல்லத்துரை பேசுதேன். பதறாதீக. நாங்குநேரிகிட்ட நிக்கேன். பின்னால லாரி இடிச்சிட்டு. பெட்டி ஒரு மூலை நசுங்கிருக்கு. யாரையும் தொட விடல."

"நீங்களும் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி."

"தள்ளித்தான் நிக்கேன்."

அனுப்பின கம்பெனிக்கு ஒரு போன், மும்பையில் அணுசக்தி வாரிய அதிகாரிக்கு ஒரு போன். அளந்து பார், கசிவு இருக்கான்னு துடைத்துப் பார், சுத்தமாக இருந்தால் எடுத்துப் போகலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி ஜீப், மீட்டர், கையுறை, துடைக்கிற காகிதம். போகிற வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனேன்.

வண்டியின் பின்கதவு பிளந்து கிடக்கு. சுற்றிலும் கயிறு. ஒரு முனை வேப்பமரத்தில், ஒரு முனை போலீஸ் தடுப்பில். கயிற்றுக்கு வெளியே அண்ணாச்சி, தொப்பலாக நனைந்து, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்தபடி. வேடிக்கை பார்க்க இருபது முப்பது பேர்.

"குண்டாம்லே."

"மருந்துன்னு அண்ணாச்சி சொல்லுதாருல்லா. ஒனக்கென்ன, பைய தள்ளி நில்லு."

பெட்டி நனையுதேன்னு டீக்கடைக்குத் தூக்க வந்தாராம் ஒருத்தர். "நல்ல மனுசன்தான் மேடம். நெஞ்சுல கை வச்சுத் தள்ளிட்டேன். பொறவு மன்னிப்புக் கேட்டேன்."

பெட்டியில் கதிரியக்க எச்சரிக்கை மஞ்சள் சீட்டு. அதில் போட்ட கணக்குப்படி ஒரு மீட்டர் தூரத்தில் எட்டுக்கு மேல் காட்டக்கூடாது. ஏழு. நாலு பக்கமும் பார்த்தேன். ஏழு, ஏழு, ஏழு. பெட்டியைத் துடைத்த காகிதத்தை மீட்டரில் வைத்தால் வெறும் காற்றுக்குக் காட்டுகிற அளவுதான். வண்டித் தரையைத் துடைத்ததும் அப்படியே. ஒன்றும் கசியவில்லை. அல்ஹம்துலில்லாஹ். வாய்விட்டே சொல்லிவிட்டேன். "முருகா"ன்னு அண்ணாச்சி அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்தார்.

ஜீப்பில் ஏற்றும்முன் பேனாவை நீட்டினேன். "நம்பரை வாசிங்க மேடம்."

வாசித்தேன். மழையில், சத்தமாக.

கையைப் பார்க்கலாம்னால், "மொதல்ல பெட்டி சேரட்டும்." ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. மணிக்கட்டில் எலும்பு முறிவு. இவ்வளவு நேரம் அந்தக் கையோடுதான் நின்றிருக்கார். அந்தக் கையோடுதான் கயிறும் கட்டியிருக்கார்.

உள்ளே கொண்டுவந்து திரும்பவும் துடைத்துப் பார்த்தாச்சு. பெட்டிக்குள்ளே மாத்திரை இருக்கிற ஈயக்குடுவையில் கீறல்கூட இல்லை.

மா. 3.10. சண்முகத்தாய் மாத்திரையை விழுங்கினாள். ஒரு மடக்குத் தண்ணீர். "இம்புட்டுதானா?" கதிரைத் தடுக்கிற ஈயத்தட்டிக்குப் பின்னால் நின்று, ஆமாம், இம்புட்டுதான்னேன்.

அந்த மெயிலை அழித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். விபத்து அறிக்கை, மூணு பக்கம். 'ஓட்டுநர் விதிப்படி நடந்துகொண்டார்' என்று முதலில் எழுதினேன். போதவில்லை. கயிறு, மழை, முறிந்த கை எல்லாத்தையும் சேர்த்தேன். அறிக்கையில் இதெல்லாம் எதுக்குன்னு மேலே கேட்பார்கள். கேட்கட்டும்.

தைலம் மறந்தே போச்சு. உம்மாவுக்குக் கோபம்.

நவம்பர் 15, சனி

சண்முகத்தாய் உடம்பில் கதிர்வீச்சை அளந்தேன். அளவு இறங்கியிருக்கு. வீட்டுக்குப் போகலாம்.

"சின்னவளைத் தூக்கலாமா மேடம்?"

டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் வரைக்கும் தள்ளியே இருக்கணும்னேன். பக்கத்தில் படுக்கப் போடவும் கூடாது. அவள் கண் நிறைந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு, "அப்பம் கருவாடு திங்கலாமா?"

மாத்திரைக்காக மீன், கருவாடு எல்லாம் நிறுத்தியிருந்தது; இனி சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. அந்த வீங்கின முகத்தில் சிரிப்பை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

தைலம் வாங்கியாச்சு. புதுச் செருப்பு கடிக்குது.

நவம்பர் 17, திங்கள்

இன்றைய பார்சல் வேற டிரைவர். நல்ல மனுசன். நம்பரை நானாகவே வாசித்தேன், முழித்தார்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மாவுக்கட்டு அரிக்குதாம்.

"அந்த மாத்திரை வீணாப் போகலியே?"

"அன்னைக்கே குடுத்தாச்சு அண்ணாச்சி. அவுக வீட்டுக்கும் போயாச்சு."

"பொம்பளையா?"

பேர், ஊர் சொல்லக்கூடாது. "ஆமா. சின்னப் பிள்ளை இருக்கு."

"பதினோரு வருசமா பெட்டி கொண்டாறேன் மேடம். யாருக்குன்னு இன்னைக்குத்தான் கேக்கேன்."

போன் கை மாறினது. அவர் மனைவி.

"என்ன சொன்னீக மேடம்? இவுக இங்கன அழுதுகிட்டு இருக்காவ."

நல்ல சேதிதான் அக்கான்னேன்.