இருபத்தைந்தில் தொங்கிய இருபத்துமூன்று

கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து, என் அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினான்கு மாதமாகிறது. இத்தனை நாளும் மனதுக்குள்ளேயே உங்களோடு கதைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா சுகம். முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கமராவோடு வெளிக்கிட்டுவிடுகிறேன். மங்கிப்போன கடைப் பலகைகள், தண்ணீர் மீற்றர் மூடிகளில் தேய்ந்த இலக்கங்கள், கடல் காற்று தின்று துருவேறிய தகரங்கள். "ஊரில எவ்வளவு வடிவான சாமான் கிடக்கு, நீ கறளைப் போய்ப் படம் பிடிக்கிறாய்" என்று சிரிப்பீர்களே.

வெள்ளவத்தைக்கு மட்டும் போகாதே என்பீர்கள். எங்கள் பழைய ஒழுங்கைக்குள் நீங்கள் நாற்பது வருடமாகக் கால் வைக்கவில்லை. எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீடு எரியவில்லை. பிறகு ஏன் அதை விற்றுவிட்டு ஓடிவந்தீர்கள்? பயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அங்கே போனேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. எதிரே, பியதாச முதலாளியின் பலசரக்குக் கடை இருந்த இடத்தில் அவருடைய மகன் சுமித் கராஜ் நடத்துகிறார். பின்வளவில் பழைய இரும்பு நிறையக் கிடக்கிறது, விருப்பமென்றால் எடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

அங்கே ஓர் இரும்புக் கேற் சுவரில் சாய்ந்து நின்றது. எரிந்துபோன எங்கள் பக்கத்து வீட்டுக் கேற். கம்பியை வளைத்து 25 என்று அதில் ஒட்டியிருந்தார்கள். அந்த இலக்கத்தை மறைத்தபடி நீல எனாமல் தகடொன்று செம்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. எனாமல் உதிர்ந்து, விளிம்பைத் துரு அரித்திருந்தாலும் வாசிக்க முடிந்தது. 23. எங்கள் வீட்டுத் தகடு.

மூன்று படம் எடுத்த பிறகுதான் கம்பியைக் கவனித்தேன். மூன்று முறுக்கு, பிறகு யாருடைய கையையும் கிழிக்காதபடி நுனியை உள்ளே மடித்து ஓர் அழுத்து. நீங்கள் வயரிங் செய்த வீடுகளிலெல்லாம் அந்தக் கட்டு இருக்கும். என் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலிலும் இருந்தது.

அந்த யூலைப் பகல் அப்படியே திரும்பி வந்தது. எனக்கு ஒன்பது வயது. காலி வீதிப் பக்கம் கரும்புகை. நீங்கள் கம்பி முறுக்கும் குறட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, அம்மாவையும் என்னையும் குளியலறைக்குள் தள்ளி, நீங்களும் உள்ளே வந்து பூட்டினீர்கள். பிறகு இரும்புக் கம்பிகள் வீதியில் இழுபடும் சத்தம். யாரோ வாக்காளர் பட்டியலைப் பார்த்து இலக்கங்களைச் சிங்களத்தில் உரக்க வாசித்தான். இருபத்துமூன்று என்றான். பக்கத்து வீட்டுக் கண்ணாடிகள் உடைந்தன.

பக்கத்து வீட்டு நடேசண்ணாவின் குரல் கேட்டது. முதலில் சிங்களத்தில் கெஞ்சினார். பிறகு தமிழில் "அம்மா" என்றார். பிறகு எந்த மொழியிலும் சேராத ஒரு சத்தம். தசை கருகும் மணம் யன்னலால் வந்தபோது நீங்கள் என் மூக்கை உள்ளங்கையால் பொத்தினீர்கள். அவருக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் குடும்பம் வாடகைக்கு வந்து நாலு மாதம்தான். பட்டியலில் அவர்கள் பெயரே இருந்திருக்காது.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பக்கத்து வீட்டுச் சனம் காலமையே பெட்டியளோட வெளிக்கிட்டதைக் கண்டனாங்கள், பிள்ளை. வெறும் வீடு எரிஞ்சால் எரியட்டும் எண்டுதான் அப்பா நினைச்சவர். பெடியன் சேர்ட்டிபிக்கற் எடுக்கத் திரும்பி வருவான் எண்டு ஆருக்குத் தெரியும்? பின்மதிலால வந்திருக்கிறான். குரல் கேட்டாப் பிறகுதான் தெரியும்."

"கேட்டாப் பிறகு?"

"நீ ஒன்பது வயசுப் பிள்ளை" என்றார்.

மூன்று கிழமை சரியான நித்திரை இல்லை. பிறகு வத்தளைக்கு, கமலாக்காவிடம் போனேன். நடேசண்ணாவின் தங்கை. உங்கள் செத்தவீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதவர். கமராவிலேயே படத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

கன்னத்தில் அறைந்தார். மோதிரம் பட்டு உதடு கிழிந்தது. கமராவைப் பறித்துச் சுவரில் அடித்தார், லென்ஸ் சிதறியது. என் தலைமயிரைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். ஒரு தரம், இன்னொரு தரம். அறுபது வயதுக்கு மேலான கைகள், அப்பா, எங்கிருந்து அந்தப் பலம் வந்தது? நான் தடுக்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியபோது இரண்டு பேரும் நிலத்தில் இருந்தோம்.

"என்ர அப்பா என்ன செய்தவர் எண்டு உனக்குத் தெரியும்தானே" என்றார்.

தெரியும். இரத்மலானை அகதி முகாமிலிருந்து அவர் திரும்பி வந்தபோது யாரோ சொல்லியிருக்கிறார்கள், கும்பல் நின்ற நேரம் பியதாச முதலாளி கையை நீட்டி ஏதோ காட்டினார் என்று. கமலாக்காவின் அப்பா தேங்காய் வெட்டும் கத்தியோடு கடைக்குள் போய், அரிசி நிறுத்துக்கொண்டிருந்த அந்த வலது கையை முழங்கைக்குக் கீழே வெட்டினார். ஆறு வருடம் மறியலில் கம்பி எண்ணினார். வெளியே வந்து இரண்டு மாதத்தில் செத்துப்போனார்.

"சாகேக்கையும் சொன்னவர், தான் சரியான ஆளைத்தான் வெட்டினவர் எண்டு" என்றார் கமலாக்கா. பிறகு என் இரத்தத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். "அந்த மனிசன் இன்னும் உயிரோட இருக்கோ?"

இருந்தார். அடுத்த நாள் இருவரும் போனோம். கராஜுக்கு மேல்மாடி அறையில், கட்டிலில் படுத்திருந்தார் பியதாச முதலாளி. தொண்ணூறை நெருங்கிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் பழகிய தமிழை மறக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுமித் கதவருகே நின்றார்.

"நீங்கள் கையால என்ன காட்டினீங்கள்?" கமலாக்கா கேட்டார்.

"நம்பர் இல்லாத வூட்டைக் காட்டினேன். அது யார்ட வூடுன்னு கேட்டாங்க. அது சிங்கள வூடு, என்ட மச்சான்ட வூடுன்னு சொன்னேன்." என்னைப் பார்த்தார். "இந்தப் புள்ள உள்ளுக்கு இருந்திச்சு."

கமலாக்காவின் கை என் கையை நசுக்கியது.

"வெட்டின பொறகு பொலிஸ்ல நான் அதைச் சொன்னேன். யாரும் நம்பல்ல. ஒன்ட அப்பாகிட்ட ரெண்டு தரம் ஆள் அனுப்பினேன். வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி. வரல்ல. வூட்டை வித்துட்டுப் போயிட்டாங்க."

இது உண்மையா, அப்பா? அவர் கும்பலிடம் உரக்கச் சொன்ன பொய் குளியலறைக்குக் கேட்கவில்லையா? உங்களுக்கு நல்ல சிங்களம் தெரியுமே. சாட்சி சொன்னால், உங்கள் இலக்கம் எங்கே போனது என்று கேட்பார்கள் என்றா பயந்தீர்கள்?

கமலாக்கா கட்டிலருகே முழந்தாளிட்டுத் தன் அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டார். கிழவர் இடது கையை அவர் தலையில் வைத்தார்.

"ஒங்கட அப்பா தெரியாம வெட்டினாரு, மகள். நாப்பது வருசம் இந்தக் கையால சோறு தின்னேன், ஆனா அவரோட எனக்குக் கோவம் இல்ல." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "இந்தப் புள்ளட அப்பாக்குத் தெரியும்."

சுமித் என்னைப் பார்த்துப் படியைக் காட்டினார். நான் இறங்கினேன்.

உங்களை வெறுக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. உங்களுக்காக வாதாடவும் முடியவில்லை. அன்று நீங்கள் அந்தத் தகட்டைக் கழற்றாமல் இருந்திருந்தால், குளியலறைக்குள் மூன்று பேர் கருகியிருப்போம் என்பதும் எனக்குத் தெரியும். அதை யாரிடமும் ஒரு நியாயமாகச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். இந்தக் கடிதத்தை ஒளித்துவைக்க மாட்டேன். பியதாச முதலாளி கண்மூடுவதற்குள், அவர் எங்களைக் காப்பாற்றியவர் என்று அந்த ஒழுங்கையில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்வேன். அப்படியென்றால் அவருக்காக யார் பேசாமல் இருந்தார் என்று கேட்பார்கள். உங்கள் பெயரை முழுதாகச் சொல்வேன், அப்பா. சொல்லிவிட்டு, நான் யார் என்பதையும் சொல்வேன்.

உங்களால் உயிரோடிருக்கும் மகள்,
சுபா