வெளிக்கிடு என்றால் கிளம்பு

ஜூலை 17, வியாழன். தோர்ண்டன் ஹீத்.

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. தோழி துஷி வீட்டில் மூன்றாம் நாள். காலையில் அவள் லீட்ஸ் போய்விட்டாள், ஆபீஸ் ட்ரெயினிங். இனி நானும் அவள் அம்மாவும்தான். கொஞ்சம் பயம்தான்.

ஆன்ட்டி தங்கமானவர். பயம் அவர் பேசும் தமிழைப் பார்த்துத்தான். நானும் தமிழ்தான், திருச்சி. ஆனாலும் யாழ்ப்பாணத் தமிழ் பாதி பிடிபடவில்லை. வந்த அன்றே "கெதியா வெளிக்கிடு பிள்ளை" என்றார். வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார் என்று பெட்டியைப் பூட்டிவிட்டேன். துஷி விழுந்து விழுந்து சிரித்தாள். சீக்கிரம் கிளம்பு, கடைக்குப் போகலாம் என்றாராம். அன்றிலிருந்து புரியாததற்கெல்லாம் அவர்கள் பாணியில் ஆமாம் போடுகிறேன்: "ஓம், ஓம்". திரும்பக் கேட்க வெட்கம்.

துஷி போகும்போது சொன்னது: "அம்மாட்ட பாரிஸ் மாமாவைப் பற்றிக் கதைக்காதை. ரெண்டு பேரும் எட்டு வருசமாக் கதைக்கிறேல்லை." மாமா என்றால் ஆன்ட்டியின் அண்ணன், குணம்.

மதியம் ஆன்ட்டி கடைக்குப் போயிருந்தபோது வீட்டு போன். பாரிஸிலிருந்து யாரோ ஒரு பெண். பின்னால் ஒரே ட்ராபிக் சத்தம்.

"ஆர், துஷியோ?"

பழக்க தோஷம். "ஓம்" என்றேன்.

"அம்மாட்டச் சொல்லுங்கோ, குணம் அண்ணை மோசம் போயிட்டார். திங்கள் எடுக்கினம்."

அதற்கும் ஓம். வைத்துவிட்டாள்.

மனுஷன் யாரிடமோ ஏமாந்திருக்கிறார். திங்கள் கேஸ் எடுக்கிறார்கள் போல. ஆன்ட்டி வந்ததும் சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார். "திங்கள் நீ பாரிசுக்குத்தானே போறாய் பிள்ளை? அண்ணைக்கு ஒரு பார்சல் தந்துவிடட்டோ?" சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. எட்டு வருடக் கோபம் இறங்குகிற நேரத்தில் ஏமாந்த கதை எதற்கு? சொல்லவில்லை.

வாங்க: டூத் பேஸ்ட். பாரிஸில் இருக்கும் என் அக்கா குழந்தைக்கு ஏதாவது. போன் சார்ஜர் (ப்ரஸ்ஸல்ஸில் விட்டது).

ஜூலை 18, வெள்ளி.

தூறல். வீடெல்லாம் எண்ணெய் வாசம். ஆன்ட்டி தட்டை வடை சுட்டார், அண்ணனுக்குப் பிடிக்குமாம். புது வேட்டி, நீலச் சட்டை. சட்டையை என் முதுகில் வைத்துப் பார்த்தார். "அண்ணை மெலிஞ்சிட்டாரோ தெரியேல்லை. நீ போய்ப் பாத்திட்டு எனக்குச் சொல்லு."

போன் அடித்தாலே திக்கென்கிறது. மறைக்கிறோமே என்று ஒரு உறுத்தல். துஷி வந்ததும் அவளிடம் சொல்லிவிடலாம்.

ஜூலை 19, சனி.

பெரிய தப்பு செய்துவிட்டேன்.

காலை கோயில். ஆன்ட்டி அர்ச்சனைக்குப் பேர் கொடுத்தார். "குணரத்தினம், கேட்டை. நோய் நொடி இல்லாமல் இருக்கோணும், ஐயா." பிரசாத வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு அக்கா இன்னொருவரிடம்: "எங்கட அப்பா மோசம் போய் மூண்டு வருசம். வாற கிழமை திவசம்."

திவசம்?

திரும்பிக் கேட்டேன். "அக்கா, மோசம் போறதுன்னா என்ன?"

"செத்துப் போறது, தங்கச்சி. ஏன்?"

கையிலிருந்த சுண்டல் கீழே கொட்டிவிட்டது.

திங்கள் எடுக்கினம். எங்கள் ஊரிலும் இப்படித்தானே கேட்போம், எப்ப எடுக்கிறாங்க என்று. கேஸாம் கேஸ். மடச்சி. துஷி என்று நினைத்துச் சொன்னவள், குடும்பத்துக்குத் தெரிந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பாள்.

செத்தவருக்கு ஆயுள் கேட்டு அர்ச்சனை. அதுவும் தீட்டோடு. இவர்கள் துடக்கு என்பார்கள். கோயில் வாசலை மிதிக்கக் கூடாதவரை உள்ளே நிற்க வைத்தவள் நான்.

பஸ்ஸில் ஆன்ட்டி, "முகம் வெளிறிப்போச்சு. சாப்பாடு ஒத்துக்கேல்லையோ?" ஓம் என்றேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

துஷிக்கு நான்கு தடவை போன். ஐந்தாவதில் எடுத்தாள். சொன்னதும் அழுதாள். "நாளைக்குப் பின்னேரம்தான் வரேலும். அதுவரைக்கும் வச்சிருக்காதை. நீயே சொல்லு, ப்ளீஸ்."

பொழுது சாயும்வரை மூன்று முறை கிச்சன் வாசல்வரை போனேன். ஒரு முறை தண்ணீர் கேட்டேன். இரண்டு முறை சும்மா திரும்பினேன். அவர் மயங்கி விழுந்துவிட்டால்? ஆம்புலன்ஸுக்கு இந்த வீட்டு அட்ரஸ்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. முகத்தில் விழிக்காதே என்று துரத்திவிட்டால்? கோழை. கோழை.

ஜூலை 20, ஞாயிறு.

நல்ல வெயில். சொல்லிவிட்டேன்.

எட்டு மணிக்குக் கீழே போனேன். பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, வியாழக்கிழமை பாரிஸ்லருந்து போன் வந்துச்சு. உங்க அண்ணன்..." இறந்துட்டார் என்ற சொல் வாயில் வரவே இல்லை. காதில் விழுந்ததை அப்படியே சொன்னேன். "குணம் அண்ணை மோசம் போயிட்டார்."

"வியாழனோ?"

"ஓம். எனக்கு அர்த்தம் தெரியல, ஆன்ட்டி. ஏமாந்துட்டார்னு நினைச்சேன்."

"நேற்று அர்ச்சனை செய்தனான்."

டேப் சுருளை மேசையில் வைத்தார்.

"எப்ப எடுக்கினம்?"

"நாளைக்கு."

ஒட்டிய டேப்பைப் பிரித்தார். வடைப் பையை எடுத்து மேசையில் வைத்தார். வேட்டி சட்டையை மட்டும் திரும்ப உள்ளே வைத்தார். என் பக்கம் திரும்பாமலே, "வெளிக்கிடு" என்றார்.

எந்த வெளிக்கிடு என்று கேட்கத் தைரியம் இல்லை. மாடிக்கு ஓடி வந்தேன். பெட்டியைப் பூட்டிவிட்டேன், அதன் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். துரத்தினால் எங்கே போவது? ஸ்டேஷனில் இருக்கலாம், டிக்கெட் நாளைக்கு. கீழே அலமாரி திறக்கிற சத்தம். அழுகிறாரா, தெரியவில்லை. படியேறி வருகிறார்.

கதவில் நிற்கிறார். வெள்ளைச் சேலை. கையில் பாஸ்போர்ட், அவருடையது.

"இன்னும் இருந்து எழுதுறியோ? கெதியா, பிள்ளை. நானும் வாறன்."