ஏழாவது தப்பு

அன்பு மகளுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்துவிட்டேன். நாலு வருஷம் என்பது கொஞ்ச நாள் இல்லை. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்பது எனக்குத் தெரியும், எப்படி என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவோடு போனில் பேசும்போது அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் படிப்பேன், அம்மா சிரித்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்காமலேயே அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, பார்வை நன்றாக வந்துவிட்டது, இப்போது என் சட்டைப் பையில் இருக்கிற மைக்கறை எல்லாம் அவளுக்குத் தெரிகிறது, அது ஒன்றுதான் கஷ்டம். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் மூன்று தடவை வந்து மூன்று விதமாகக் காரணம் சொன்னார், குழாய் நாலாவது விதமாக ஒழுகிக்கொண்டிருக்கிறது.

நான் பேசாமல் இருந்த காரணம் உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பழைய மாணவி என்று உன்னை அழைத்தார்கள், மலையைக் குடைந்து ரயிலுக்குச் சுரங்கப்பாதை போடுகிற இன்ஜினியர் என்று மேடையில் உட்கார வைத்தார்கள், நான் இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் இருந்தேன். நீ மைக்கைப் பிடித்து, ‘இந்த ஸ்கூல்ல நான் கத்துக்கிட்ட பெரிய பாடம் என்ன தெரியுமா, சரியான பதிலுக்கும் சைபர் கிடைக்கும்ங்கறதுதான், போட்டவர் முன்னாடியேதான் உக்காந்திருக்கார்’ என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், கூட்டமும் சிரித்துக் கை தட்டியது, ஆனால் கணக்கு வாத்தியார் மற்ற எல்லோரும் நிறுத்திய பிறகும் கை தட்டிக்கொண்டே இருந்தார். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்பதுதான் என் வியாதி. நிலவியலில் முதல் வகுப்பில் தேறிய என்னை, கண்ணாடி பவர் அதிகம் என்று சுரங்க வேலைக்கான நேர்முகத் தேர்வில் திருப்பி அனுப்பியவருடைய சட்டையின் நிறம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த வேலை கிடைத்திருந்தால் நீ இப்போது தினமும் போகிற மலைக்குள் நான் போயிருப்பேன். அது கிடைக்கவில்லை, ஏழாம் வகுப்புக்குப் பாறை வகைகள் நடத்தப் போனேன், அதிலும் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு பாடம், அதை நீ மைக்கில் போட்டு உடைத்தாய் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன மாதம் வரை.

அந்தப் பாடத்தை நீயும் படித்தவள்தான். நூலகத்தின் உடைந்த அலமாரியிலிருந்து நான் எடுத்து வந்த அந்தச் சிவப்பு அட்டை சாகச நாவல் உனக்கு மறந்திருக்காது, கப்பல் உடைந்த கேப்டனும், நில அளவைக்காரரும், சமையல்காரரும் மலையின் அந்தப் பக்கம் போக வழியில்லாமல் அடிவாரத்துக் குகைக்குள் நுழைகிற கதை. வகுப்புக்கு ஒரே புத்தகம், பெஞ்சு பெஞ்சாகக் கைமாறும், ஆளுக்கு ஒரு பக்கம் உரக்கப் படிக்க வேண்டும், எழுதியவர் பூமியைப் பற்றி எங்கே தப்பாக எழுதியிருக்கிறார் என்று கண்டுபிடித்து ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கும் என்பதால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும், பெரியவர் ஒருவர் தப்பு செய்திருக்கிறார் என்றால் ஒருத்தரும் தூங்க மாட்டார்கள், இதுதான் என் ரகசியம். கருங்கல் சுவருக்குள் சிப்பி பதிந்திருந்தது என்று எழுதியிருக்கிறார் பார், உருகி இறுகின பாறைக்குள் சிப்பி எப்படி வரும், இது முதல் தப்பு. ஒரே வாரத்தில் பனைமர உயரத்துக்குச் சுண்ணாம்புத் தூண் வளர்ந்தது என்கிறார், அது இரண்டாவது. இப்படிப் பதினொன்று. ஏழாவது, உச்சி வெயிலில் அவர்கள் குகை வாசலில் நிற்கும்போது உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று அடித்துச் சமையல்காரரின் தொப்பி பறந்தது என்பது. மூடிக்கிடக்கிற மலைக்குள்ளிருந்து காற்று கிளம்பாது, ஆகவே தப்பு என்று நான் நடத்தினேன். நீ மட்டும் ஓரத்தில், ‘இது தப்பு இல்லை. மேலே இன்னொரு வாசல் இருந்தால் வரும். எங்கள் வீட்டு மாடிக் கதவு மாதிரி’ என்று எழுதினாய். வாத்தியார் மகள் என்றால் வாய் நீளும் என்று மற்ற பிள்ளைகள் சொல்லக்கூடாதே என்று உன்னிடம் நான் இரண்டு பங்கு கடுமையாக இருப்பேன், அது உனக்குத் தெரியும். அதன் மேல் சிவப்பு மையில் பெரிதாக இன்ட்டு போட்டேன், நோட்டிலும் நீ அதையே எழுதியிருந்தாய், அங்கே சைபர் போட்டேன், திருத்தி எழுதிக்கொண்டு வா என்றேன். நீ எழுதவில்லை. திருத்தாத பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை, அதனால் உன் நோட்டில் அந்த ஒரு பக்கம் மட்டும் கையெழுத்து இல்லாமலே வருஷம் முடிந்தது. இன்னொன்றும் செய்தேன், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வருஷம் புத்தகத்தின் கிழிசல்களை ஒட்டும்போது நீ எழுதின இடத்தின் மேலும் ஒரு பழுப்புக் காகிதத்தை ஒட்டினேன். அங்கே கிழிசலே இல்லை.

போன மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாதிரிப் பாடங்கள் என்று ஒரு தொகுப்பு அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பப் போகிறார்களாம், ஒரு பள்ளிக்கு ஒரு பாடம், எங்கள் பள்ளியிலிருந்து என் பாடம். ‘ஒரு நாவல், பதினோரு தப்புகள்’ என்று தலைப்பு, கீழே என் பெயர். இத்தனை வருஷத்தில் என் பெயர் அச்சில் வந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான், அதிலும் எழுத்துப்பிழை. மாதிரித் தாள் வந்த அன்று அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு வாயாடி இருக்கிறாள், அன்று அவள் படிக்கிற முறை. குகை வாசல் பக்கம் வந்ததும் அந்தப் பழுப்புக் காகிதம் பசை காய்ந்து அவள் கையோடு வந்துவிட்டது. அவள் படிப்பதை நிறுத்திவிட்டு, ‘சார், இங்க யாரோ எழுதியிருக்காங்க சார், மேல இன்னொரு வாசல் இருந்தா காத்து வருமாம், சரி மாதிரிதானே இருக்கு, நீங்க ஏன் சார் இன்ட்டு போட்டீங்க’ என்றாள். ‘நான் போட்டேன்னு யார் சொன்னா’ என்றேன். ‘சிவப்பு மை சார்’ என்று மொத்த வகுப்பும் சொன்னது. உட்கார், அடுத்த வரியைப் படி என்று அதட்டினேன். அவள் படித்தாள், என் காதில் ஒன்றும் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அம்மா கண் ஆஸ்பத்திரிக்கு உன் சித்தியோடு போயிருந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலே இருந்த உன் பார்சலை எடுத்தேன். விழா முடிந்த அடுத்த மாதம் நீ அனுப்பினாயே, அதேதான். புத்தகம் என்று தடவிப் பார்த்தாலே தெரிந்தது, மானத்தை வாங்கிவிட்டு ஒரு புத்தகத்தை அனுப்பினால் சரியாகிவிடுமா என்று பிரிக்காமலே மேலே போட்டிருந்தேன், அம்மா மாதம் ஒரு தடவை அதைத் தூசி தட்டி அதே இடத்தில் வைப்பாள். பிரித்தேன். அதே நாவல், புதுப் பதிப்பு. உள்ளே ஒரு சீட்டில், ‘அப்பா, கடைசி அத்தியாயம் மட்டும் படிங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க’ என்று எழுதியிருந்தாய். எங்கள் பள்ளிப் புத்தகத்தில் கடைசிப் பதினான்கு பக்கம் என் கைக்கு வரும்போதே கிடையாது, அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அந்த முடிவை நான் எங்கேயும் படித்ததே இல்லை. தூரத்தில் வெளிச்சம் தெரிகிற இடத்தோடு புத்தகம் நின்றுபோகும், அவர்கள் மறுபக்கம் கடற்கரையில் வெளியே வந்தார்கள் என்று நானே ஒரு முடிவைக் கட்டி வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர்கள் ஏறி ஏறி மலை உச்சிக்குப் பக்கத்தில் ஒரு துவாரம் வழியாக வெளியே வருகிறார்கள். முதல் நாள் தொப்பியைப் பறக்கவிட்ட காற்றே மேலே ஒரு வாசல் இருக்கிறது என்று சொல்லிற்று, நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்று கேப்டன் சொல்கிறார். அந்தப் பக்கத்தை நான் நின்றுகொண்டே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை.

அப்போதும் எனக்கு ஆறவில்லை, நாவல்காரர் சொன்னால் போதுமா என்று தோன்றியது. வெளியே நல்ல வெயில். வாசல் கதவைத் திறந்து வைத்தேன், திரை அசையாமல் தொங்கியது. மாடிக்கு ஏறி மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிட்டு இறங்கி வந்து பார்த்தால் திரை வெளிப்பக்கமாக உப்பிக்கொண்டு நிற்கிறது. மேலே போய்ச் சாத்தினேன், தொங்கிவிட்டது. திறந்தேன், உப்பியது. வீட்டுக்குள் இருக்கிற குளிர்ந்த காற்று கனம், மேலே திறப்பு கிடைத்தால் அது கீழ் வழியாக வெளியே இறங்கும், அவ்வளவுதான் விஷயம், நிலவியல் படித்த எனக்குத் தெரியாதது இல்லை, யோசிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் பள்ளி விட்டு வந்து இந்த வாசலில் நின்று நீ இதைப் பார்த்திருக்கிறாய். நாலாவது தடவை நான் படியேறும்போது அம்மா வந்துவிட்டாள். ‘என்ன, கதவுக்கு டிரில் எடுக்கறீங்களா’ என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், காகிதம் ஒட்டினதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘மலையே மூச்சு விடுதாம், இந்த வீட்ல ஒருத்தர் நாலு வருஷமா மூச்சு விடலை, இதையெல்லாம் எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், சொல்ல வேண்டியவகிட்ட சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டுக் கண்ணுக்கு மருந்து போடப் போய்விட்டாள்.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. திங்கட்கிழமை மாதிரித் தாளில் ஏழாவதை அடித்துவிட்டு, அந்த இடத்தில், இது எழுதியவரின் தப்பு இல்லை, நடத்தியவரின் தப்பு, இதைக் கண்டுபிடித்தவள் இதே பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவி, அன்று அவளுக்குக் கிடைத்தது சைபர் என்று எழுதித் தலைமையாசிரியை மேஜையில் வைத்தேன். அவர் நல்ல மாதிரி. ‘அப்படியே விட்டுடலாமே சார், யாருக்குத் தெரியப் போகுது, இப்ப மாத்தினா அச்சுக்குப் போகாது’ என்றார். மாற்றினால்தான் போக வேண்டும் என்றேன். அலுவலகத்தில் கேட்டார்கள், திருத்தம் பெரிது, நேரமில்லை, இந்தத் தொகுப்பில் சேர்க்க முடியாது, அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. என் பாடத்துக்குப் பதிலாக எங்கள் பள்ளியிலிருந்து யாருடையது போகிறது என்று நீ கேட்கவே வேண்டாம், கணக்கு வாத்தியார் காகிதம் மடித்துப் பின்னம் சொல்லித் தருகிற பாடம்தான். அவர் ஆசிரியர் அறையில் டீயை ஆற்றிக்கொண்டே, ‘என்ன சார், பதினொண்ணு பத்தாயிடுச்சாமே, கணக்கு உதைக்குதே, முன்னாடியே எங்கிட்ட வந்திருந்தா கூட்டிக் குடுத்திருப்பேனே’ என்றார். ‘கழிக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது, அதை எம் பொண்ணு செஞ்சுட்டா’ என்றேன். அறை முழுக்கச் சிரித்தது, அவரைத் தவிர. இதையும் நான் மறக்கப் போவதில்லை, ஆனால் இது நல்ல ஞாபகம்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தத் தொகுப்பு வரும்போது நான் இரண்டு நாள் லீவு போட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன். ஆனால் வகுப்பில் புதுப் புத்தகத்தைக் கொண்டுபோய் அந்தக் கடைசிப் பதினான்கு பக்கத்தையும் வாயாடியையே படிக்கச் சொன்னேன், துவாரத்து வழியாக அவர்கள் தலையை நீட்டுகிற இடத்தில் ஒரு பெஞ்சு சத்தம் கூட இல்லை. முடித்ததும், ஓரத்தில் எழுதினவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். மலைக்குள் வேலை பார்க்கிறாள், இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வருகிறார்கள், இன்னும் இரண்டு மாதத்தில் நடுவில் சேர்ந்துவிடும் என்றேன். இதெல்லாம் போனில் நீ சொன்னதை அம்மா திருப்பிச் சொல்ல, செய்தித்தாளுக்குப் பின்னால் கேட்டதுதான். ‘அப்ப நடுச்சுவர் உடைஞ்ச உடனே காத்து எந்தப் பக்கம் அடிக்கும் சார், எந்த வாசல் உசரம்’ என்றாள். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று வகுப்பில் சொன்னேன். இந்த வார்த்தையை நான் வகுப்பில் சொன்னது இதுதான் முதல் தடவை, பரவாயில்லை, கூரை இடிந்து விழவில்லை. ஆகவே கேட்கிறேன், பதில் எழுது, போனில் சொன்னாலும் சரி, அம்மா போனை என் கையில் கொடுத்தால் இனிமேல் வாங்கிக்கொள்வேன்.

தூசு மாஸ்க்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் போட்டோ அனுப்பியிருந்தாய், அது மூக்குக்கும் வாய்க்கும் உரியது, கழுத்துக்கு இல்லை. வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. ஈரச் சாக்ஸோடு நாள் முழுக்க இருக்காதே, பிற்பாடு மூட்டு பேசும். அம்மா தன் ஆசிகளைத் தனியாகப் போனில் சொல்வாளாம், என்னை நம்பிக் கொடுத்தனுப்பவில்லை. என்னுடையது இது, நீ போகிற மலைகள் எல்லாம் உனக்கு ஒரு வாசலுக்கு இரண்டாகத் திறக்கட்டும், நீண்ட ஆயுளோடு நிம்மதியாக இரு. உன் ஏழாம் வகுப்பு அறிவியல் நோட்டு அம்மாவிடம் பத்திரமாக இருந்தது, எடுத்து இத்தோடு வைத்திருக்கிறேன். சைபரை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் கையெழுத்தும் போட்டுவிட்டேன், உன் பக்கத்தில் திருத்த ஒன்றும் இல்லை. திருத்தம் எல்லாம் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. மூன்று தடவை படித்துப் பார்த்தேன், மன்னித்துவிடு என்கிற வார்த்தையை இதில் எங்கேயும் நான் சரியாக எழுதவில்லை, எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நீ வரும்போது நேரில் திருத்திக்கொள்கிறேன். திருத்தி முடியாத பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் இதைக் கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.